கேஸ் தீர்ந்துபோகும் பொருளல்ல

சிரம்பான் வட்டாரத்தில் ஏர்கோன் சர்வீசுக்குப் போகிறவரிடம் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “கேஸ் இருக்கா, பார்த்தீங்களா அண்ணே?” ரகாங், தெமியாங் பக்கத்துப் பழைய வீடுகளிலும், செனவாங் தாமான்களிலும், ரந்தாவ், லாபு, சிலியாவ் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளிலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. காருக்கு பெட்ரோல் போல ஏர்கோனுக்கு கேஸ், ஓட ஓடத் தீரும், தீரத் தீர நிரப்ப வேண்டும் என்பது பலருடைய எண்ணம். அந்த எண்ணத்தை வளர்த்துவிட்டதில் எங்கள் தொழிலுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆண்டுக்கொரு முறை கேஸ் ‘டாப்-அப்’ செய்வதைப் பராமரிப்பின் ஓர் அங்கமாகவே பில்லில் எழுதிப் பழக்கிவிட்டோம். இந்தத் தொழிலைச் செய்கிறவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. வீட்டு ஏர்கோனில் கேஸ் செலவாவதில்லை. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது பழுதை மறைக்கும் வேலை. அதைப் பராமரிப்பு என்று சொல்லக் கூடாது. பராமரிப்பு என்பது காற்றும் தண்ணீரும் போகும் வழிகளைத் திறந்து வைப்பது. நம் வட்டாரத்தின் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அதுவே முக்கால் பங்கு வேலை.

இந்த இயந்திரம் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும். ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை; அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய் விடுகிறது. குளிர் நாடுகளில் இதே இயந்திரத்தில் ஒரு திருப்பு வால்வைச் சேர்த்து, வெளியே உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரச் செய்கிறார்கள். ஹீட் பம்ப் என்று பேசப்படுவது அதுதான். நமக்குத் தேவை ஒரு திசை மட்டும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு ஏறத்தாழ 9,000 பிடியு, அதாவது சுமார் 2.6 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். அதற்கு அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 0.8 கிலோவாட்தான். மின்சாரம் வெப்பத்தை இடம் மாற்ற மட்டுமே பயன்படுவதால் இந்த லாபம் கிடைக்கிறது. வெப்பத்தைச் சுமக்கும் வேலையை கேஸ் செய்கிறது. உள்ளே இருக்கும் காயிலில் அது கொதித்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி வெளியே அனுப்புகிறது. வெளிக்காயிலில் அது மறுபடி திரவமாகும்போது வாங்கிய வெப்பத்தை விட்டுவிடுகிறது. அதே கேஸ், அதே எடை, மறுபடி உள்ளே வருகிறது. இந்தச் சுற்றில் எதுவும் எரிவதில்லை, கரைவதில்லை. சமையலறைக் குளிர்பெட்டிக்குள்ளும் இதே சுற்றுதான் ஓடுகிறது. பதினைந்து ஆண்டு ஓடும் குளிர்பெட்டிக்கு யாரும் ஆண்டுதோறும் கேஸ் போடுவதில்லை. தொழிற்சாலையில் இணைப்புகளைப் பற்றவைத்து மூடி அனுப்புகிறார்கள், அதனால் அது கசிவதில்லை.

அப்படியானால் ஏர்கோன் ஏன் குளிராமல் போகிறது? நம் வட்டாரத்துக் காற்றைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். சிரம்பானில் ஆண்டு முழுதும் வெக்கை; காற்றிலோ எப்போதும் ஈரம். அந்த ஈரக்காற்று சில்லென்ற காயிலைத் தொட்டதும் தண்ணீராகச் சொட்டுகிறது. ஒரு குதிரைத்திறன் இயந்திரம்கூட ஈரம் மிகுந்த பொழுதில் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீரை இறக்கும். அந்த ஒரு லிட்டரை ஆவியிலிருந்து நீராக்கவே சுமார் 0.7 கிலோவாட் செலவாகிறது. இயந்திரத்தின் திறனில் கால் பங்கு அது. ஆக, நம் ஊர் ஏர்கோனின் காயில் ஓடுகிற நேரமெல்லாம் நனைந்தே இருக்கும். அதன் அலுமினியத் தகடுகளுக்கு இடையே இருப்பது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் உட்பட்ட இடைவெளி. அந்த ஈர இடுக்கில் வீட்டுத் தூசி, தலைமுடி, துணிநூல், தோலிலிருந்து உதிரும் துகள் எல்லாம் வந்து ஒட்டுகின்றன. நம் வீடுகளில் கூடுதலாக இரண்டு உண்டு: சாமி அறையின் ஊதுபத்தி-சாம்பிராணிப் புகையும், சமையலறையில் தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவியும். இந்த இரண்டும் சேர்ந்த தூசி பிசுபிசுப்பாகிவிடும். தண்ணீர் பட்டால் எளிதில் போகாது. காயிலுக்குக் கீழே உள்ள ட்ரேயில் அது ஜெல்லி போன்ற கசடாகத் திரண்டு, தண்ணீர் போகும் குழாயின் வாயை அடைக்கிறது. சுவரில் தண்ணீர் வழிகிறது என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்தக் கசடுதான்.

அறைக்குள் காற்றை ஊதும் புளோவர் உருளையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அதன் இதழ்கள் ஒவ்வொன்றும் காற்றை அள்ளும்படி குழிந்திருக்க வேண்டும். ஓராண்டு கழுவாத உருளையில் அந்தக் குழிவெல்லாம் கரும்பழுப்புத் தூசியால் நிரம்பி, இதழ் ஏறக்குறைய தட்டையாகிவிடும். மோட்டார் அதே வேகத்தில் சுற்றும், சத்தமும் அதேதான், வெளிவரும் காற்று மட்டும் குறைந்துபோகும். காற்று குறைந்தால் காயிலுக்குப் போதிய வெப்பம் வந்து சேராது. உள்ளே கேஸ் முழுதாகக் கொதிக்க முடியாமல் காயில் மேலும் மேலும் குளிர்ந்து, பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். ஈரம் பனியாகப் படியும். பனி இருக்கும் கொஞ்ச வழியையும் அடைக்கும். ஐஸ் கட்டிய ஏர்கோன் அறையைக் குளிர்விக்காமல் போவது இப்படித்தான். வீட்டுக்காரருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஐஸைப் பார்த்ததும் கேஸ் இல்லை என்று முடிவு கட்டுவார். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு ஐஸும் ஒன்றல்ல. சுவரில் தொங்கும் வழக்கமான ஏர்கோனில் கேஸ் குறைந்திருந்தால், வெளி யூனிட்டின் மெல்லிய குழாய் வால்வில் முதலில் பனி பூக்கும். தடித்த குழாயைத் தொட்டால் போதிய குளிர் இருக்காது. காற்று அடைபட்டிருந்தால் உள்காயில் முழுவதும் பனி மூடும். தடித்த குழாயும் வெண்மையாகி, அந்தப் பனி கம்ப்ரசரை நோக்கி ஊர்ந்து வரும். கையால் தொட்டு, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு நேரே அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டும்போதுதான் தவறு தொடங்குகிறது.

கேஜ் இந்த இடத்தில் எப்படி ஏமாற்றுகிறது என்பதே என் வாதத்தின் நடுப்புள்ளி. ஆர்-22 கேஸ் ஓடும் பழைய இயந்திரத்தில் தாழ்வழுத்தப் பக்கம் 65 முதல் 70 பிஎஸ்ஐ காட்டினால் காயிலின் உள்ளே கேஸ் சுமார் 4, 5 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது என்று கணக்கு. ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவற்றுக்கு அதே வெப்பநிலைக்கு 120 பிஎஸ்ஐயை ஒட்டிய அழுத்தம். இப்போது அழுக்கேறிய ஏர்கோனில் கேஜை மாட்டுங்கள். காற்று குறைந்து காயில் குளிர்ந்துவிட்டதால் அழுத்தமும் தானே இறங்கியிருக்கும். கேஸ் ஒரு கிராம்கூடக் குறையாத இயந்திரம் ‘குறைவு’ என்று காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பி கேஸ் சேர்த்தால் முள் ஏறும், காற்றும் சற்றுக் குளிரும், எல்லாருக்கும் திருப்தி. பிறகு வேறொருவர் வந்து அதைக் கழுவியதும் காற்று திரும்பும், அழுத்தம் எகிறும். இப்போது உள்ளே இருப்பது அளவுக்கு மிஞ்சிய கேஸ். மிஞ்சிய கேஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குள் திரும்பி, மசகெண்ணெயைக் கரைத்து, உள்ளுறுப்புகளைத் தேய்க்கிறது. இழுக்கும் மின்சாரமும் கூடுகிறது. எதிர்ப்பக்கத்திலும் இதே ஏமாற்று உண்டு. வெளிக்காயில் அடைபட்டிருந்தால் அழுத்தம் ஏறி, உண்மையாகவே கசிந்த இயந்திரத்தையும் சரியானதுபோல் காட்டும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கழுவ வேண்டும், காற்றோட்டத்தைச் சரிபார்க்க வேண்டும், பிறகே கேஜைத் தொட வேண்டும். பல வீடுகளில் அந்த மூன்றாம் படிக்குத் தேவையே வராது. உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளிவிடும் காற்றுக்கும் இடையே 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். அதை அறிய ஒரு வெப்பமானி போதும்.

வெளி யூனிட்டையும் மறக்கக் கூடாது. ரப்பரும் எண்ணெய்ப்பனையும் நின்ற நிலங்களில் எழுந்த தாமான்களில் பெரும்பாலும் வரிசை வீடுகள். பின்சந்தில் எதிரெதிர் வீடுகளின் வெளி யூனிட்டுகள் ஒன்றன் முகத்தில் ஒன்று சூடான காற்றை ஊதிக்கொண்டிருக்கும். துணி காயப்போடும் இடத்திலும் சமையலறைப் புகைக்குழாய்க்கு அருகிலும் தொங்குகிற யூனிட்டுகள் உண்டு. 2015, 2019 ஆண்டுகளைப்போல் புகைமூட்டம் சூழும் மாதங்களில் அந்த நுண்துகளும் காயிலில் படியும். போர்ட்டிக்சன் பக்கம் போனால் உப்புக்காற்று அலுமினியத் தகட்டைப் பொடியாக்கும். மின்பலகைக்குள் கதகதப்பைத் தேடிப் புகும் பல்லியும் எறும்பும் இணைப்புகளைக் கெடுப்பது இங்கே அன்றாடச் செய்தி. கெபாசிட்டர் வலுவிழந்தால் கம்ப்ரசர் கிளம்பாமல் முனகும், அறை குளிராது, அதற்கும் வீட்டுக்காரர் சொல்லும் காரணம் கேஸ்தான். இத்தனை காரணங்களும் ஒரே அறிகுறியில் வந்து முடிகின்றன: “குளிரவில்லை.” ஒரே அறிகுறிக்கு ஒரே மருந்து என்று பழகிவிட்ட தொழில், நோயைத் தேடும் பழக்கத்தை மெல்ல இழக்கிறது.

இதற்குப் பலர் சொல்லும் முதல் மறுப்பு: கேஸ் போட்டதும் நன்றாகக் குளிர்ந்ததே, அது பொய்யா? பொய்யல்ல. பெரும்பாலும் கேஸ் போடும் நாளிலேயே இயந்திரத்தைக் கழுவவும் செய்கிறார்கள். குளிர்ச்சிக்குக் காரணம் கழுவியது, பெயர் மட்டும் கேஸுக்குப் போகிறது. உண்மையிலேயே கசிந்த இயந்திரத்தில் கேஸ் சேர்த்தால் குளிரத்தான் செய்யும். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கிறது, சில மாதங்களில் மறுபடி அழைப்பு வரும். அந்த இடைக்காலத்தில் நடப்பதுதான் கவலைக்குரியது. கம்ப்ரசர் மோட்டாரைக் குளிர்விப்பது திரும்பி வரும் கேஸ்தான். அது குறையக் குறைய மோட்டார் சூடேறும். கசிவு வழியே கேஸோடு எண்ணெயும் வெளியேறும். நான்கைந்து முறை டாப்-அப் வாங்கிய இயந்திரத்தின் கம்ப்ரசர் பின்னர் எரிந்துபோனால் பழி வயதின்மேல் விழுகிறது.

இரண்டாவது மறுப்பு தொழில் தெரிந்தவர்களிடமிருந்து வருவது. அதில் நியாயம் இருக்கிறது. குளிர்பெட்டியை ஏர்கோனோடு ஒப்பிடலாமா, ஏர்கோனின் செம்புக்குழாயை வீட்டில் வைத்துத்தானே இணைக்கிறோம், குழாய்களை இணைக்கும் பிளேர் நட்டில் சிறிது கசிவது இயல்புதானே என்பார்கள். இணைப்பு வீட்டில் நடக்கிறது என்பது சரி; அதனால் கசிவு இயல்பு என்பது சரியல்ல. குழாயின் வாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, சீராக விரித்து, கால் அங்குல நட்டை 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கினால் அந்த இணைப்பு பல ஆண்டு நிற்கும். கையின் பலத்தை நம்பி இறுக்கினால் ஒன்று தளர்ந்திருக்கும், அல்லது செம்பு நசுங்கி வெடித்திருக்கும். கசிகிற இடம் தன்னைக் காட்டிக்கொள்ளவும் செய்யும்: நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறையும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும்; சோப்பு நீரைத் தடவினால் குமிழ் எழும். குழாயில் நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதி. காயிலுக்குள்ளேயே கசியும் வகையும் ஒன்று உண்டு. பார்மிக், அசிட்டிக் போன்ற அமிலங்களின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து செம்பின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத சுரங்கங்களைத் தோண்டும்; எறும்புப் புற்றுபோல் கிளைக்கும் அரிப்பு அது. ரப்பர்ப் பாலை உறையவைக்க ஊற்றும் அதே பார்மிக் அமிலம் என்றால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் வீரியம் சொல்லாமலே புரியும். பிளைவுட், பசை, சில துப்புரவு மருந்துகள் ஆகியவற்றிலிருந்து இத்தகைய ஆவிகள் வீட்டுக்குள் எழுகின்றன. அப்படி அரித்த காயிலை மாற்றத்தான் வேண்டும். எத்தனை முறை நிரப்பினாலும் பயனில்லை. காரமான கெமிக்கலை அளவின்றி அடித்துக் கழுவுவதும் தகட்டின் பூச்சை அரிக்கும். கழுவ வேண்டும் என்று நான் சொல்வது, எதையும் ஊற்றிக் கழுவலாம் என்பதற்கான அனுமதி அல்ல.

இன்வர்ட்டர் இயந்திரங்கள் வந்த பிறகு, கேஜை மட்டும் பார்த்து நிரப்பும் பழக்கத்துக்கு அடிப்படையே போய்விட்டது. இன்வர்ட்டரில் கம்ப்ரசரின் வேகம் அறையின் தேவைக்கேற்ப ஏறி இறங்கும். வேகம் மாற மாற அழுத்தமும் மாறும். சோதனை ஓட்டத்தில் வைக்காமல் பார்த்த ஓர் எண்ணுக்குப் பொருளே இல்லை. இந்த இயந்திரங்களில் கேஸை எடையிட்டுத்தான் போட வேண்டும். எத்தனை கிராம் என்று வெளி யூனிட்டின் தகட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். சிறிய இயந்திரத்தில் மொத்தமே அரை கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். இவ்வளவு சிறிய அளவில், ஒவ்வொரு சர்வீசிலும் ‘சும்மா பார்ப்போம்’ என்று கேஜை மாட்டிக் கழற்றும்போது ரப்பர் ஹோஸோடு போகும் சிறு அளவும் கணக்கில் வரும். நன்றாக ஓடும் இயந்திரத்தின் வால்வைத் திறக்காமல் விடுவதும் நல்ல பராமரிப்பே. ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். குழாயில் கேஸ் இருக்கும்போதே பற்றவைப்பதும், காற்று புகுந்த இயந்திரத்தை ஓட்டிக் கேஸை வெளி யூனிட்டுக்கு இழுப்பதும் உயிருக்கு ஆபத்தான வேலைகள். வேக்குவம் பம்ப் போடாமல், கேஸையே கொஞ்சம் விட்டுக் காற்றைத் தள்ளும் பழைய குறுக்குவழிக்கு இனி இடமில்லை.

கேஸ் வீட்டுச் சுவரோடு நின்றுவிடும் பொருளும் அல்ல. முன்பு குளிர்பதனத்தில் ஓடிய குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று விஞ்ஞானிகள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். அவற்றைக் கட்டுப்படுத்த 1987-இல் மொன்றியல் ஒப்பந்தம் உருவானது. மலேசியா 1989-இல் அதில் சேர்ந்தது. ஆர்-22 ஓசோனை ஓரளவு அரிப்பதால் படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. அதற்கு மாற்றாக வந்தவை ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-22 வெளியேறினால் 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்; ஆர்-410ஏ 2,088 கிலோ; ஆர்-32 675 கிலோ. இவற்றைக் குறைக்கவே 2016-இல் கிகாலித் திருத்தம் வந்தது. மலேசியா அதையும் ஏற்றிருக்கிறது. கணக்கைச் சிறிதாக்கிப் பார்ப்போம். அரை கிலோ ஆர்-410ஏ கசிந்து போய், அதே அளவை மறுபடி நிரப்பினால், ஒரு டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவைக் காற்றில் விட்டதற்குச் சமம். ஓட்டை அடைபடாத வீட்டில் இது திரும்பத் திரும்ப நடக்கும். ஒரு வீட்டில் நடப்பது சிறிதாகத் தெரியலாம். ஒவ்வொரு தாமானிலும் ஒவ்வொரு வரிசையிலும் நடந்தால் அதைச் சிறிது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. என் மனத்தை அதிகம் தொடுவதும் இதுதான். கசிவைத் தேடி, அடைத்து, நைட்ரஜன் ஏற்றி, வேக்குவம் இழுத்து, எடையிட்டு நிரப்புவதற்கு டாப்-அப்பைவிடக் கூடுதலாகச் செலவாகும். தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலைச் சம்பளத்தில் தாமான் வீட்டுக்குக் கடன் கட்டுகிற குடும்பத்திடம் இதைச் சொல்வது எளிதல்ல. ஆனால் டாப்-அப்பின் விலை ஒருமுறையோடு நிற்பதில்லை. அது ஒவ்வோர் ஆண்டும் வரும் பில், முடிவில் ஒரு கம்ப்ரசர். மறுபக்கம், உண்மையான பராமரிப்பில் பெரும்பகுதிக்குக் காசே வேண்டாம். முன்மூடியைத் தூக்கி பில்டரைக் கழற்றி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுவது வீட்டுப் பிள்ளைகளால்கூட முடிகிற வேலை. மின்செலவைப் பாருங்கள்: 0.8 கிலோவாட் இழுக்கும் ஏர்கோன் இரவு எட்டு மணிநேரம் நிற்காமல் ஓடினால் 6.4 யூனிட், முப்பது நாளில் 192 யூனிட். காற்றோட்டம் சரியாக இருந்து, அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓய்வெடுத்தால் அது 128 யூனிட்டாகக் குறையும். வருமானம் குறைந்த வீட்டுக்குத்தான் சுத்தமான பில்டர் அதிகம் தேவை. ஆர்-22 ஓடும் மிகப் பழைய இயந்திரம் காயிலிலேயே கசிகிறது என்றால், அதை விட்டுவிடுங்கள், அந்தப் பணத்தைப் புதியதற்கு ஒதுக்குங்கள் என்று சொல்வதே நேர்மை.

கடைசி மறுப்பு எங்கள் பக்கத்திலிருந்து வருவது. வாடிக்கையாளர்கள் மலிவான சர்வீசையே கேட்கிறார்கள். கழுவும் கூலியில் வேனுக்கு எண்ணெய் போட்டால் மிச்சமில்லை. கேஸில்தான் கொஞ்சம் லாபம் என்று சக தொழிலாளர்கள் சொல்வார்கள். அவர்களுடைய நெருக்கடி உண்மையானது. ஆனால் அதற்குத் தீர்வு, தேவையில்லாத பொருளை விற்பதல்ல. தெரிந்த வேலைக்கு உரிய கூலியைக் கேட்பது. காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்க நாம் தயங்குகிறோம். மருத்துவமனையில் பரிசோதனைக்குப் பணம் கொடுக்கும் அதே மக்கள், எதற்காக என்று விளக்கினால் இங்கும் கொடுப்பார்கள். குளிர்பதனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழும், சுற்றுச்சூழல் துறையின் அங்கீகாரம் பெற்ற மையங்களில் தொழிலாளர் சான்றுப் பயிற்சியும் இருக்கின்றன. கேஸ் கையாள்வதை முறைப்படுத்தும் விதிகளும் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன. சான்று வாங்கிய கை வேக்குவம் பம்ப்பும் தராசும் இல்லாமல் வேலைக்குப் போகக் கூடாது என்ற ஒழுங்கை நமக்குள் நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே வீட்டுக்காரர்களிடம் என் வேண்டுகோள்: கேள்வியை மாற்றுங்கள். “கேஸ் இருக்கா?” என்பதற்குப் பதிலாக, “காயிலையும் புளோவரையும் ட்ரேயையும் கழுவினீங்களா, காற்றின் வெப்பநிலை எவ்வளவு வருது?” என்று கேளுங்கள். கேஸ் குறைவு என்று சொன்னால், எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். நிரப்பினால் எந்த கேஸ், எத்தனை கிராம், எந்த இணைப்பைச் சரிசெய்தோம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வருகிறவருக்கு அதுவே வழிகாட்டி. தொழிலாளர்களும் கேட்கும் முன்பே அதை எழுதித் தர வேண்டும். கிராம் கணக்கு எழுத முடியாத கேஸை நிரப்பக் கூடாது. காரணம் எழுத முடியாத சர்வீசுக்குப் பணம் கேட்கக் கூடாது.